இன்றேல், ஏன்?

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு தராசு. ஒரு தட்டில் அரை இறாத்தல் படிக்கல், மற்றத் தட்டில் சீனி. இரண்டும் சமமாக நின்றன. தராசுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், சீனி கட்ட எடுத்த தாளில் சீனியைக் கட்டாமல் அந்தத் தாளை வாசித்துக்கொண்டு நின்றார். கடைக்கு முன்னால் ஏழு பேர் காத்து நின்றார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. எனக்கு அதுதான் புதினமாக இருந்தது.

"அக்கா, சீனியைத் தாங்கோவன். பஸ் வரப்போகுது."

"பொறும். மந்திரி இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கடைசி வரி வரை வாசித்து, "மழுப்பிப்போட்டார்" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டிச் சீனியை அதற்குள் கொட்டினார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு நான் தீவுப் பகுதி நிருபராக இருந்தேன். ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குப் போகும் பாதையில் ஒரு சந்தி, சந்தியில் அந்தக் கடை. ஊரின் பெயரை எழுதவில்லை. அன்றைக்கு அங்கே சண்டை பிடித்தவர்கள் இன்றைக்குச் சம்பந்திகள். அவருடைய பெயரையும் எழுதவில்லை. தன் பெயர் பேப்பரில் வரக்கூடாது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "இது கேள்வி நேரம் இல்லைத் தம்பி" என்றார்.

அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பாராளுமன்றத்தில் பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் அச்சிட்டு வெளியிடும் அறிக்கைக்கு ஹன்சாட் என்று பெயர். ஊர்காவற்றுறையில் வழக்குப் பேசிய பிறக்கிராசியார் ஒருவருக்கு அது ஒழுங்காக வரும். அவர் வாசித்தாரோ தெரியாது. ஒரு வருடத்துக்கு ஒரு தடவை பழைய கட்டுகளை நிறுத்து விற்றுவிடுவார். அவை சந்திக் கடைக்கு வந்து சேரும். ஊரில் சீனி, மல்லி, தேயிலை எல்லாம் பாராளுமன்றத்தில் சுற்றப்பட்டே வீடுகளுக்குப் போயின.

அவர் வாசிக்காமல் ஒரு தாளையும் கிழித்ததில்லை. ஆனால் எல்லாத் தாளுக்கும் ஒரே மதிப்பில்லை. நீண்ட பேச்சுகள் வந்த பக்கங்களை இரண்டு வரி பார்த்ததும் மிளகாய்த்தூள் பக்கம் தள்ளிவிடுவார். கேள்வியும் பதிலும் வந்த பக்கங்கள்தான் அவருக்கு வேண்டும். ஹன்சாட்டில் கேள்விகளுக்கு ஒரு அச்சு உண்டு. (அ) இன்னது நடந்ததை மந்திரி அறிவாரா? (ஆ) ஆமெனில், என்ன நடவடிக்கை எடுத்தார்? (இ) இன்றேல், ஏன்? இந்த அச்சு அவருக்குப் பிடித்துப்போயிற்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். பத்து வருடமாகச் சீனி கட்டிக் கட்டி இந்த மூன்று படிகளையும் பழகிவிட்டார்.

"பேச்சுப் பேசுறதுக்கு மேடை வேணும், மைக் வேணும்" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். "கேள்வி கேக்கிறதுக்கு ஒண்டும் தேவையில்லை. நிண்ட இடத்தில நிண்டு கேக்கலாம்."

அப்படியே கேட்டார். மாலை பஸ் நாலு நாள் பிந்தி வந்தது. ஐந்தாம் நாள் அவர் றோட்டில் இறங்கி நின்று சாரதியைப் பார்த்து, "(அ) இந்த பஸ் அரை மணித்தியாலம் பிந்தினது உமக்குத் தெரியுமோ? (ஆ) தெரியுமெண்டால், என்ன செய்தனீர்? (இ) இன்றேல், ஏன்?" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மூன்றாவதைச் சேர்ந்து சொன்னார்கள். சாரதி பகிடிக்காரர். அவருக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது. "(அ) ஓம் அக்கா. (ஆ) ரயர் மாத்தினனான். (இ) எழவில்லை" என்றார். ஒரு கேள்விக்கு இடமே இல்லை என்றால் மந்திரிமார் சொல்லும் பதில் அது: எழவில்லை.

ஊரில் இளந்தாரிகள் அவருக்கு "இன்றேல் அக்கா" என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும். பாதிரியாரையும் அவர் விட்டதில்லை, கோயில் மனேச்சரையும் விட்டதில்லை. தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக் கடை வைத்திருந்த தன் கணவரையும் விட்டதில்லை. வருடத்தில் இரண்டு தடவை வரும் அந்த மனிதருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றின் பிரதியை, ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுபோல, எனக்குக் காட்டினார். நலம் விசாரித்த பிறகு (அ) முதல் (உ) வரை இருந்தது. பதில் ஒரு தபால் அட்டையில் வந்திருந்தது: "(அ) ஆம். (ஆ) ஆம். (இ) ஆம். (ஈ) தீபாவளிக்கு. (உ) எழவில்லை."

அவரிடம் நான் கவனித்த இன்னொன்று. கேள்வி கேட்டபிறகு அவர் பேசமாட்டார். கேட்டவரே பதிலையும் எடுத்துக்கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு நேரமானாலும் நிற்பார். எதிரில் நிற்பவர்தான் முதலில் களைப்பார்.

ஊர்ச் சண்டை ஒரு உதைபந்தாட்டத்தில் தொடங்கியது. ஊர் இரண்டு பக்கம். கரைப்பக்கத்தில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள். தோட்டப்பக்கத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்யும் சைவக் குடும்பங்கள். இரண்டுக்கும் ஒவ்வொரு விளையாட்டுக் கழகம். கடைசி நிமிடத்தில் கரைப்பக்கத்து ஆள் அடித்த பந்து கோல் கம்பத்துக்கு உள்ளால் போனதா, வெளியால் போனதா என்பதுதான் வழக்கு. வலை கட்டியிருந்தால் வழக்கே இல்லை. கரையெல்லாம் வலை காயும் ஊரில் கோல் கம்பத்துக்கு வலை இல்லை.

கல் எறிந்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அடுத்த நாள் ஒரு தோணியின் பாய் கிழிக்கப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு பாத்தி புகையிலைக் கன்று மிதிபட்டுக் கிடந்தது. மூன்றாம் நாள் தோட்டப்பக்கத்து ஆண்கள் கிணற்றுக்குக் காவல் போட்டார்கள்.

அந்தக் கிணறுதான் விஷயம். கரைப்பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உவர். குடிக்கிற தண்ணீருக்குக் கரைப்பெண்கள் தோட்டப்பக்கத்து நல்ல தண்ணிக் கிணற்றுக்குத்தான் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். வரும்போது கடகத்தில் மீன் வரும், போகும்போது குடத்தில் தண்ணீர் போகும். காவல் போட்டதோடு இரண்டும் நின்றன. கரைப்பெண்கள் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு ஒன்றரை மைல் நடந்தார்கள். சந்திக் கடை அக்காவுக்கு முழங்கால் வருத்தம். பிலோமினா என்ற கரைப்பெண்தான் நாளும் அவருக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். பிலோமினா அப்போது ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. ஒன்றரை மைல் நடந்த பிறகும் அந்தக் குடத்தை அவர் நிறுத்தவில்லை.

பொலிஸ் வந்தது. பொறுப்பதிகாரி சமாதானக் குழு ஒன்று அமைத்தார். இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். அவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். ஊருக்கு அரசாங்கம் நியமித்த தலைமைக்காரரான விதானையார் செயலாளர். பதவியின் பெயரை அரசாங்கம் அதற்குள் மாற்றிவிட்டது, ஊர் மாற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டம் இரண்டரை மணித்தியாலம் நடந்தது. நான் பின்வரிசை வாங்கில் இருந்து குறிப்பெடுத்தேன். முடிவில் ஏகமனதாக ஒரு தீர்மானம்: காலையில் தோட்டப்பக்கத்தார் அள்ளுவது, மாலையில் கரைப்பக்கத்தார் அள்ளுவது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம். எல்லோரும் கைகொடுத்தார்கள். "தீவில் சமாதானம்" என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். தலைப்பு மாறாமல் வந்தது.

பேப்பர் வந்த காலை கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். தராசுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பி, நீர் எழுதினதை வாசிச்சனான். (அ) கூட்டத்துக்கு எத்தினை பேர் வந்தவை?"

"பன்னிரண்டு பேர் அக்கா."

"(ஆ) அதில அந்தக் கிணத்தில தண்ணி அள்ளுற ஆக்கள் எத்தினை பேர்?"

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் பதில் இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். (இ)யை அவர் கேட்கவில்லை. நான் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டேன்.

கூட்டம் நடந்து நாலாம் நாள் பின்னேரம் நாலரை மணி. கரைப்பக்கத்திலிருந்து பதினாலு ஆண்கள் துடுப்புகளோடு சந்திக்கு வந்தார்கள். தோட்டப்பக்கத்தார் கிணற்றில் உப்பு மூட்டை கொட்டிவிட்டார்கள் என்பது செய்தி. மூன்று நாளாக மாலையில் அள்ளிய தண்ணீர் கரித்ததாம். முன்னுக்கு வந்தவர் பிலோமினாவின் கணவர். சந்தியைத் தாண்டினால் தோட்டப்பக்கம். அக்கா கடையிலிருந்து நொண்டி நொண்டி இறங்கி றோட்டின் நடுவில் வந்து நின்றார். நான் கடைக்குள் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். போத்தலை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

"(அ) கிணறு கரிக்கிறதுக்கு எத்தினை மூட்டை உப்புக் கொட்ட வேணும்?"

"அக்கா, விலத்துங்கோ. இது உங்கட கடையில்லை."

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும். (ஆ) அந்த மூட்டையளை ஏத்தி வந்த வண்டில் ஆருடையது?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஊரில் மொத்தம் நாலு வண்டில். நாலையும் எல்லோருக்கும் தெரியும்.

"(இ) உங்களில ஆராவது அந்தக் கிணத்தில ஒரு வாளி எண்டாலும் அள்ளினனீங்களோ?"

அவர் பேச்சை நிறுத்தினார். பதினாலு துடுப்புகளும் நின்றன. அப்போது கடை வாசலில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்ற பிலோமினா, கேட்காமலே வாயைத் திறந்தார்.

"பின்னேரம் அள்ளினா உவர்க்கும்."

"என்ன?" என்றார் கணவர்.

"விடிய அள்ளினா நல்ல தண்ணி. ஊர் முழுக்க அள்ளி முடிஞ்சு பின்னேரம் போனா உவர்த்தான் வரும். உப்புமில்லை, ஒண்டுமில்லை."

"அது உனக்கு முதலே தெரியுமே?"

"பத்து வயசிலயிருந்து அள்ளுறன்."

"பின்னை ஏனடியப்பா சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கும். இரவு ஊறி விடியற்காலையில் நிறைந்திருக்கும். அள்ள அள்ள அந்தப் படை குறைந்து, அடியிலிருந்து உவர் மேலே ஏறும். இதைப் பிறகு ஒரு நீர்ப்பாசன அதிகாரி எனக்குப் படம் கீறி விளக்கினார். பிலோமினா படம் கீறாமலே சொல்லிவிட்டார். பன்னிரண்டு ஆண்கள் இரண்டரை மணித்தியாலம் இருந்து, ஒரு பக்கத்துக்கு நல்ல தண்ணீரையும் மறுபக்கத்துக்கு உவரையும் சமமாகப் பங்கிட்டிருந்தார்கள். ஒருவருக்கும் கள்ளம் இல்லை. ஒருவரும் அள்ளியதில்லை.

துடுப்போடு சண்டைக்கு வருவது லேசு. அதே துடுப்போடு திரும்பிப் போவது கொஞ்சம் சங்கடம். பதினாலு பேரில் ஆறு பேர் வந்ததற்கு ஆளுக்கொரு சுருட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

விஷயம் அதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. அக்கா தலைமையாசிரியரிடம் போனார், நானும் கூடப் போனேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். கதிரை எடுத்துப் போட்டார்.

"பிள்ளை, அது ஏகமனதாய் நிறைவேறின தீர்மானம். ஒரு கிழமைக்குள்ள மாத்தினா எங்களை ஆர் மதிப்பினம்?"

"மாத்த வேண்டாம் மாஸ்டர். தண்ணி அள்ளுற நாலு பொம்பிளையளைக் குழுவில சேருங்கோ. மிச்சத்தை அவையள் பாப்பினம்."

"சண்டை விசயத்துக்குள்ள பொம்பிளையளை இழுக்கக்கூடாது."

"நான் சண்டைக்குக் கூப்பிடேல்லை மாஸ்டர். சமாதானத்துக்குத்தான்."

தலைமையாசிரியர் சிரித்தார். ஆனால் ஓம் என்று சொல்லவில்லை. விதானையாரும் சொல்லவில்லை. பொலிஸ் பொறுப்பதிகாரி, குழு தன் கையை விட்டுப் போய்விட்டது என்றார். பிலோமினா மறுபடியும் ஒன்றரை மைல் நடந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை அக்கா என்னிடம் ஒரு புல்ஸ்கேப் தாள் கேட்டார். இரண்டு மணித்தியாலம் எழுதினார். நடுவில் ஒருவர் வெந்தயம் கேட்டு வந்தார். நாளைக்கு வரச்சொன்னார். எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினார்.

(அ) யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் அமைக்கப்பட்டுள்ள சமாதானக் குழுக்களில் பெண் உறுப்பினர் எத்தனை பேர் என்பதை மந்திரி கூறுவாரா? (ஆ) குடிதண்ணீர்க் கிணறுகள் பற்றித் தீர்மானம் எடுக்கமுன் அக்குழுக்கள் தண்ணீர் அள்ளும் பெண்களைக் கேட்டனவா? (இ) இன்றேல், ஏன்?

தபாலில் அது எங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்குப் போயிற்று. அவருக்கு அக்காவைத் தெரியும். தேர்தல் காலத்தில் இதே சந்தியில் பேச்சை நடுவில் நிறுத்தி மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனவர். எட்டு நாளில் மறுமொழி வந்தது. கேள்வியைத் தன் பெயரில் கொடுத்துவிட்டதாகவும், ஒரு எழுத்தும் மாற்றவேண்டியிருக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை அக்கா இரண்டு தடவை வாசித்தார்.

பிலோமினாவுக்கு நம்பிக்கை இல்லை. குடத்தை இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, உங்கட கேள்வி கொழும்புக்குப் போய்த் திரும்பி வாறதுக்குள்ள என்ர பிள்ளை நடக்கத் துவங்கியிடும்."

"பொறு. கேள்வி போற வழியிலயும் வேலை செய்யும்" என்றார் அக்கா.

அதன் பொருள் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கிற்று. ஒரு காலை, பத்து மணியளவில், விதானையார் கடைக்கு வந்தார். குடை, மண்ணிற உறை, வியர்வை. என்னைக் கண்டு தயங்கி, பிறகு, ஆள் தெரிந்த ஆள்தானே என்று கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, மேலயிருந்து ஒரு கேள்வி இறங்கியிருக்கு. பாராளுமன்றத்தில கேட்டிருக்கினமாம். மந்திரி அரசாங்க அதிபரின்ர கச்சேரிக்கு அனுப்ப, கச்சேரி எங்கட பகுதிக் காரியாதிகாரிக்கு அனுப்ப, அவர் எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் ஆருக்கு அனுப்புறது? உந்தப் பாஷை உமக்குத்தானே தெரியும். மறுமொழியை ஒருக்கா எழுதித் தாரும்."

அக்கா தாளை வாங்கினார். தான் எழுதிய கேள்வியைத் தட்டெழுத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல கேள்வி" என்றார்.

"நல்லதோ கெட்டதோ, (அ)வுக்கு என்ன எழுதுவம்?"

"குழுவில எத்தினை பொம்பிளையள் ஐயா?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப 'ஒருவருமில்லை' எண்டு எழுதுங்கோ."

விதானையார் பேனையைத் திறந்தார். எழுதவில்லை. "மந்திரி எழும்பி நிண்டு, எல்லாருக்கும் முன்னால, இன்ன தீவில ஒருவருமில்லை எண்டு சொல்லுவாரோ?"

"சொல்லுவார். அச்சிலயும் வரும்."

"ம்ம். (ஆ)?"

"கேட்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப 'இல்லை.' பிறகு (இ) கிடக்கு. ஏன் எண்டு. அதுக்கு உங்கட காரணத்தை எழுதுங்கோ."

விதானையார் காரணத்தை யோசித்தார். தெருவில் ஒரு வண்டில் போனது. அது மூலை திரும்பும்வரை யோசித்தார். அக்கா கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தக் காரணமும் அச்சில வருமோ?"

"ஓம் ஐயா. பிள்ளைகுட்டியள் வாசிக்கிற காலத்திலயும் கிடக்கும்."

பேனையை மூடினார். "மறுமொழி எப்ப அனுப்ப வேணும்?"

"பத்து நாள் எண்டு போட்டிருக்கு."

"பத்து நாளைக்குள்ள ஆக்களைச் சேர்த்தால், சேர்த்த கணக்கை எழுதலாந்தானே?"

"அது உங்கட அதிகாரம் ஐயா. என்னைக் கேக்கிறியள்?"

விதானையார் எழுந்தார். பாரம் இறங்கிய முகம். "அப்ப முதல் பேர் உம்மட பேர்தான்."

"நான் அந்தக் கிணத்தில அள்ளுறேல்லை. அள்ளுற ஆக்களைப் போடுங்கோ."

ஐந்து பெண்கள். கரைப்பக்கத்தில் பிலோமினாவும் இன்னொருவரும், தோட்டப்பக்கத்தில் செல்லம்மாவும் இன்னொருவரும், இரண்டு பக்கத்துக்கும் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவிச்சியும். அவர்களைச் சேர்த்த முதல் கூட்டத்துக்கும் நான் போனேன். பன்னிரண்டு கதிரைகள்தான் போட்டிருந்தார்கள். பெண்களுக்கு அரிவரி வகுப்பு வாங்கு. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் அந்த வாங்கில் பிலோமினா எட்டு மாத வயிற்றோடு இருக்கப் பார்த்தார், முடியவில்லை. செல்லம்மா எழும்பிப் போய் நேரே தலைவருக்கு முன்னால் நின்றார்.

"மாஸ்டர், உங்கட கதிரையை ஒருக்காத் தாங்கோ."

தலைமையாசிரியர் எழுந்து கொடுத்தார். மீதிக் கூட்டத்தை நின்றபடி நடத்தினார்.

கிணற்று விஷயம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். விடிய ஐந்தரைக்குத் தொடங்குவது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரு வாளி இவர்கள், ஒரு வாளி அவர்கள். ஒருநாள் முதல் வாளி கரைக்கு, மறுநாள் தோட்டத்துக்கு. கிணற்றுக் கட்டில் மூன்றாவது கல் வெளியில் தெரிந்தால் இரண்டு பக்கமும் நிறுத்துவது.

"மூண்டாவது கல்லோ? ஏன் மூண்டாவது?" என்றார் ஒருவர்.

"நாலாவது தெரிஞ்சால் உவர்" என்று செல்லம்மாவும் பிலோமினாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சண்டை தொடங்கிய பிறகு அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

"அவ்வளவுதானோ?" என்றார் தலைவர்.

"அவ்வளவுதான். அந்தப் பந்து விசயத்தையும் முடிப்பம்" என்றார் பிலோமினா. "என்ர மனுசன்ர பழைய வலை ஒண்டு கிடக்கு. அதைக் கட்டிப்போட்டுத் திரும்ப விளையாடுங்கோ."

விளையாடினார்கள். ஒன்றுக்கொன்று சமநிலை. வலையில் ஒரு ஓட்டை இருந்ததைப் பற்றி ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. அதைப் பெண்களிடம் கொண்டுபோகவேண்டி வரவில்லை.

அக்கா சொன்னபடி கேள்வி போகிற வழியில் வேலை செய்துகொண்டே போயிற்று. பக்கத்துத் தீவொன்றில், பேரளவில் மட்டும் இருந்து ஒருநாளும் கூடாத ஒரு குழுவுக்கு முதலில் மூன்று பெண்களை நியமித்தார்களாம். அதற்குப் பிறகுதான் ஆண்கள் யார் யார் என்று தேடினார்களாம். நான் கிணற்றுச் செய்தியை எழுதி "தீவில் சமாதானம்" என்று தலைப்புப் போட்டேன். பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உது முந்தியே வந்த தலைப்பெல்லே?"

"ஓம் ஐயா. அது பிழை. இதுதான் சரி."

பிலோமினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவிச்சி குழுக் கூட்டத்துக்குப் பிந்தி வந்ததற்கு அதுதான் காரணம் என்று விதானையார் அறிக்கையில் எழுதினார். காரணங்களை எழுதுவதில் அவருக்கு அப்போது ஒரு கவனம் வந்திருந்தது.

அடுத்த வருடம் பிறக்கிராசியாரின் பழைய கட்டுகள் வண்டிலில் கடைக்கு வந்தன. ஒரு காலை, ஆறரை மணியிருக்கும், நான் சைக்கிளை நிறுத்தியபோது அக்கா ஒரு தாளை வாசித்துக்கொண்டிருந்தார். வழக்கத்தை விட நேரமெடுத்தார். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் கேள்வி, எங்கள் உறுப்பினரின் பெயரோடு. கீழே மந்திரியின் பதிலில் எங்கள் குழுவும் இருந்தது: "(அ) ஐந்து. (ஆ) ஆம். (இ) எழவில்லை."

"அக்கா, ஒரு குறையும் இருக்கேல்லை எண்டமாதிரியெல்லே கிடக்கு" என்றேன். எனக்குக் கோபம் வந்தது.

"பொய்யில்லைத் தம்பி. பதில் சொன்ன அண்டைக்கு அது உண்மைதான்." மறுபடி ஒரு தடவை வாசித்தார். "எழவில்லை" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் முன்பு கண்டதில்லை.

"வெட்டி வையுங்கோ. நான் படம்மாதிரிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்து தாறன்."

"ஏன்?"

அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்போது பிலோமினா வந்தார். இடுப்பில் நிறைகுடம். பின்னால் அவருடைய சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, விழுந்தும் எழும்பியும், ஒரு சின்னப் பிள்ளை. வழக்கமான குடத்தைக் கடைக்குள் இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, ரெண்டு அவுன்ஸ் தேயிலை" என்றார்.

அக்கா நிறுத்தார். கையிலிருந்த தாளைக் கூம்பாகச் சுருட்டித் தேயிலையைக் கொட்டி மடித்துக் கொடுத்தார்.

அன்றைக்கு முதல் வாளி கரைப்பக்கத்துடையது.